சம்பந்தியின் இடது காது

பெலாச்சான் கருகுகிற வாசனை எந்த வீட்டு ஜன்னலிலிருந்து வந்தாலும் எனக்கு முகம் சூடாகிவிடும். எங்கள் கடலோர ஊரான பொந்தியானில் அந்த வாசனைக்குப் பஞ்சமே இல்லை. கடலில் துள்ளிய இறால் உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, கட்டியாகிக் கடைக்கு வந்து, கடைசியில் யாரோ ஒருத்தியின் சட்டியில் மிளகாயோடு பொரியும். அந்த ஒருத்தி வேறெங்கோ கவனமாக இருந்தால் கருகும். தெருவே தும்மும். நான் மட்டும் தும்மாமல் கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ, அந்தக் காது" என்று முனகுவேன்.

மனிதர்கள் சொல்வதை நான் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. மீன்காரர் இன்றைக்குப் பிடித்த மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். வீட்டுக்காரர் "தோ, வந்துட்டேன்" என்றால் இன்னொரு கறி வைக்க நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். ஆனால் கைப்பேசியில், சிவப்பு எழுத்தில், 'எச்சரிக்கை' என்று தொடங்கி ஒன்று வந்துவிட்டால் போதும். அப்படியே கரைந்துவிடுவேன். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்தால் மூளை சூடேறும் என்று படித்த அன்று அதை அரிசிப் பானைக்குள் தூங்க வைத்தேன். கைப்பேசி நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிறது என்று படித்த வாரம் முழுக்க, அதைப் பூத்துவாலையில் சுற்றி அலமாரிக்குள் பூட்டிவிட்டு, கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் நின்றுதான் குடும்ப விஷயம் பேசினேன். (பேசுவதெல்லாம் கத்தரிக்காய் விலைதான். இருந்தாலும் அது நம் கத்தரிக்காய் இல்லையா.)

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேலை நேரத்தில் கைப்பேசியைக் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வானத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார். கப்பலும் கடலும் மேகமும் தவிர ஒரு செய்தியும் அங்கே ஏறாது. அந்த மனிதருக்கு இருக்கும் நிம்மதி எனக்குப் பொறுக்காது. வீட்டுக்குள் நுழைந்ததும், "கலா, இன்னிக்கி உலகம் எத்தன மணிக்கு அழியுது? அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடவா?" என்பார்.

அந்த வாரம் வந்த செய்தி, நான் அதுவரை படித்த எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறதாம். ஒருவருடைய முகத்தையும் குரலையும் உரித்தெடுத்து இன்னொருவர் மேல் போர்த்திவிடுமாம். காணொளி அழைப்பில் உங்கள் அண்ணன் சிரிப்பார், உங்களைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் அது அண்ணன் இல்லை. எங்கோ ஓர் அறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கும்பல். கண்டுபிடிப்பது எப்படி என்றும் போட்டிருந்தார்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும். உதடு முன்னால் போக, சொல் பின்னால் வரும். அவசரப்படுத்துவார்கள். பிறந்த தேதி கேட்பார்கள். சந்தேகம் வந்தால், முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லுங்கள், போலி மூக்கு அழிந்துவிடும். பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள், போலிக் காது காட்டிக் கொடுத்துவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைக்கூட இப்படி மனப்பாடம் செய்ததில்லை.

அதே வாரம் எங்கள் வீட்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. என் ஒரே மகள் ஷாமினி, டவுனில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் பிரவின் என்ற பையனுக்கும் விருப்பம். பிரவினுக்கு ஊர் ரெங்கம், வேலை சிங்கப்பூரில். தங்கமான பையன். எங்கள் பக்கம் எந்தத் தடையும் இல்லை. தடையெல்லாம் அவனுடைய அப்பா முத்தையாதான். ரெங்கத்தில் கோயில் தலைவர். அவர் நடந்து வந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நிற்பார்களாம். ஊரிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். வருஷக் கணக்கில் பிடிவாதம் பிடித்து, ஒரு வழியாக இப்போதுதான் இறங்கி வந்திருந்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்களைக் காணொளியில் கூப்பிட்டு, தன் வாயாலேயே பெண் கேட்பதாகச் சொல்லியனுப்பினார். வாய் வார்த்தை முதலில், தாம்பூலத் தட்டு பிறகு என்பது அவர்கள் வீட்டு முறை.

பிரவின் ஒன்றை மட்டும் ஷாமினியிடம் அழுத்திச் சொல்லியிருந்தான். அவனுடைய அப்பா எதையும் இரண்டாவது தடவை கேட்கமாட்டார். சோறு வேண்டுமென்றாலும் ஒரு தடவைதான். போடவில்லை என்றால் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார்.

சனிக்கிழமை இரவு ஷாமினி என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நாளைக்கி அப்பா பேசிக்குவாரு. நீ ஒன்னும் பேசாத. சிரி. அது போதும்."

"பல்லு தெரியவா, தெரியாமயா?"

"அம்மா, ப்ளீஸ்."

அவள் கை சில்லென்று இருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகளையெல்லாம் சிரிக்க வைத்துப் பல் பிடுங்க உட்கார வைக்கிறவள், இப்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தோடு என் எதிரில் இருந்தாள்.

ஞாயிறு காலை. இவர் வேலைக்குப் போய்விட்டார், மதியம்தான் வருவார். ஷாமினி புருவம் திருத்திக்கொள்ள டவுனுக்குப் போயிருந்தாள். நான் மிளகாய் அரைத்த சம்பலை வதக்கிக்கொண்டிருந்தேன். கடல்காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பெலாச்சான் மணக்கத் தொடங்கியிருந்தது. உலகம் தன் இடத்தில் இருந்தது.

கைப்பேசி அலறியது. காணொளி அழைப்பு. தெரியாத எண்.

எடுத்தேன். பெரிய தலைப்பாகை, நெற்றி நிறையத் திருநீறு. முகம் ஒரு விநாடி அசைந்து, அப்படியே உறைந்து, மறுபடியும் அசைந்தது. பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட மூன்று பேர் நாற்காலியில் வரிசையாக.

"வணக்கம்மா. நான் ரெங்கம் முத்தையா. பிரவின் அப்பா."

உதடு மூடி நெடுநேரம் கழித்து, 'பிரவின் அப்பா' வந்து சேர்ந்தது.

முத்தையாவின் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழாவில் எடுத்தது. மேலே தலைப்பாகை, கீழே தாடை வரை மாலை, நடுவில் மூக்கு மட்டும். இந்த மூக்கு அந்த மூக்கு போலத்தான் இருந்தது. அதுதானே மோசடியே. மூக்கை எடுத்து ஒட்டத் தெரியாதவனா இந்த வேலைக்கு வருவான்?

"அஞ்சு மணிக்கில்ல பேசுறதா இருந்திச்சி?" என்றேன், குரலை இறுக்கி.

"ஞாயித்துக்கெழம அஞ்சு மணி ராகு காலம்மா. பேசி வச்ச நாங்க யாரும் பாக்கல. வீட்ல காலையிலதான் காலண்டர பாத்துட்டுச் சொன்னாங்க. பதினொன்னே முக்காலோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள சட்டுனு முடிச்சிடலாம்."

அவசரப்படுத்துகிறான்.

"இது யாரு நம்பரு?"

"நம்ம கோயில் செயலாளரோட போனு. என் போன்ல மூஞ்சி சரியாத் தெரியாது. தம்பி நேரம் மாறினத பாப்பாவுக்கு மெசேஜ் போட்டிருக்கானே, சொல்லலயா? சரி, மொதல்ல பாப்பாவோட பொறந்த தேதி, நேரம், ஐசில உள்ள முழுப் பேரு, இதெல்லாம் சொல்லுங்க. பொருத்தம் பாக்க ஆளு இங்கயே இருக்காங்க."

பிறந்த தேதி. அடையாள அட்டை. ஆளும் அங்கேயே இருக்கிறார்கள், மூன்று பேர், வெள்ளைச் சட்டையில். செய்தி ஒரு வரி பிசகவில்லை. எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் படித்ததற்குப் பலன். என் மகளுக்குச் சம்பந்தம் வருவது இவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தேன். பதிலும் உடனே கிடைத்தது. வெள்ளிக்கிழமை பூத்துவாலையைத் துவைக்கப் போட்டுவிட்டு, கைப்பேசியை மூடாமலேயே பேசிவிட்டேன்.

அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள் என்றும் செய்தியில் இருந்தது.

"உங்க மகன் நெத்தியில ஒரு தழும்பு இருக்கே. எப்படி வந்திச்சி?"

"சின்னதுல கோயில் மேளத்துல போய் முட்டிக்கிட்டான்மா. அன்னிலேருந்து மேளச் சத்தம் கேட்டாலே நெத்திய தடவுவான்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. சரியா தப்பா என்று எனக்குத்தான் தெரியவில்லை. (எனக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.) அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

"கொஞ்சம் மூஞ்சிக்கி முன்னால கைய ஆட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு, மறுத்துப் பேசாமல், வலது கையைத் தூக்கி, முகத்தைச் சுற்றி மெதுவாக, பயபக்தியோடு ஒரு வட்டம் போட்டார். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள் நடுவே ரெங்கத்துக்குத் தவழ்ந்து போகும் இணையம் அந்தக் கையோடு மல்லுக்கட்டியது. விரல்கள் ஐந்தும் பத்தாயின. மூக்கில் பாதி காணாமல் போய், சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தது.

"பக்கவாட்டுல திரும்புங்க."

திரும்பினார். தலைப்பாகை இரண்டு காதையும் மூடிக்கொண்டிருந்தது. காதை மறைக்கிறானே.

"தலைப்பாகைய தூக்குங்க. காது தெரியணும்."

பின்னாலிருந்த வெள்ளைச் சட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவர் அசையவில்லை. இந்தத் தடவை இணையத்தின் கோளாறு இல்லை, அவரேதான் அசையாமல் இருந்தார். பிறகு தலைப்பாகையின் இடது ஓரத்தை விரலால் கொஞ்சமாகத் தூக்கினார். காதுக்குள் ஏதோ பளபளத்தது. திரையை அப்படியே படம் பிடித்துக்கொண்டேன்.

"என்னா அது காதுல?"

"ஒன்னுமில்லம்மா."

"ஒன்னுமில்லாததுதான் மின்னுதா? யாரு உள்ளேருந்து உங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க? கழட்டுங்க அத."

வெள்ளைச் சட்டைகள் மூன்றும் முன்னால் குனிந்து அந்தக் காதையே பார்த்தன. அவர் அதைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தலைப்பாகையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பி, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைப் போலச் சத்தமாகச் சொன்னார்.

"உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுங்கம்மா. எங்க மகளா பாத்துக்குறோம்."

"டேய், யாருடா நீ?" என்றேன்.

"ரொம்ப சந்தோசம்மா," என்றார்.

இவ்வளவு திமிரா என்று எனக்குத் தலைக்கேறியது. "போடா திருட்டுப் பயலே, ஒன் மூஞ்சில பெலாச்சான அரைச்சிப் பூச," என்று முடிந்த மட்டும் கத்தினேன். வெள்ளைச் சட்டைகள் மூன்றும் சடாரென்று எழுந்து நின்றன. அவர் மட்டும் கூப்பிய கையை இறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அழைப்பைத் துண்டித்தேன்.

சம்பல் கருகிவிட்டிருந்தது. வீடு முழுக்கப் புகை. அந்தப் புகைக்கு நடுவில், போர்க்களத்தில் நிற்பவளைப் போல நின்றேன். அத்தோடு விட்டிருந்தால் இது குடும்பத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் எச்சரிக்கைகளை வாங்கி வாங்கியே வாழ்ந்தவளுக்கு, முதல் முறையாகச் சொந்தத்தில் ஓர் எச்சரிக்கை விடும் வாய்ப்பு. பிடித்து வைத்திருந்த படத்தைப் போட்டு, கீழே எழுதினேன்: 'எச்சரிக்கை. இந்த முகம் போலி. காதில் கருவி வைத்துக்கொண்டு பெண் கேட்பது போல் பேசுவார்கள். ஏமாறாதீர்கள். அனைவருக்கும் அனுப்புங்கள்.' கைப்பேசியில் இருந்த குடும்பப் புலனக் குழு, எங்கள் குடியிருப்பான தாமானின் குழு, யோகா குழு, எல்லாவற்றிலும் போட்டேன். நன்றி, நன்றி என்று கைகூப்பும் படங்கள் குவிந்தன. யோகா ஆசிரியை 'காலத்தினால் செய்த உதவி' என்று எழுதியிருந்தார்.

அந்த இடது காது பொந்தியானிலிருந்து கிளம்பியது. செம்பனைத் தோப்புகளின் மேல் பறந்தது. ஆயர் ஈத்தாமில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களின் கையில் கொஞ்ச நேரம் இளைப்பாறியது. யாருக்கு யார் அனுப்பினார்களோ, ஷாமினி வீடு திரும்புவதற்குள் ரெங்கத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஷாமினி வாசலில் நின்றாள். புருவம் இரண்டும் அழகாக வளைந்து, சுற்றிலும் சிவந்திருந்தது. கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். அதில் இரண்டு செய்திகள். ஒன்று, காலையில் பிரவின் அனுப்பியது: 'ராகு காலமாம், அப்பா பதினொரு மணிக்கே கூப்பிடுவார், அம்மாவிடம் சொல்லிவிடு.' அவள் கைப்பைக்குள் கிடந்த கைப்பேசியில் அது திறக்கப்படாமலேயே இருந்திருக்கிறது. இன்னொன்று, பிரவினின் அம்மா சரோஜா அனுப்பியது. என்னுடைய எச்சரிக்கை. கீழே ஒரு கேள்வி: 'இது உங்கம்மா எழுதினதாமா?'

"அம்மா, ஒன்ன என்னா செய்யச் சொன்னேன்?"

"சிரிக்கச் சொன்ன."

"சிரிச்சியா?"

"இல்ல."

அவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அது காது மிஷின்மா. பிரவின் அப்பாவுக்குக் காது சரியா கேக்காது. வீட்ல உள்ளவங்களுக்கு மட்டும்தான் தெரியும். கோயில் கமிட்டிக்காரங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் எப்பவும் தலைப்பாகை. பிரவின் போன்ல சொன்னாரு, நீ அவங்க முன்னாலயே கழட்ட வச்சிருக்க." கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். "கேட்டுட்டாரும்மா. அவரு கேட்டுட்டாரு. இனிமே கேக்க மாட்டாரு."

எல்லாக் குழுக்களிலும் எச்சரிக்கையை அழித்தேன். அழித்த இடத்திலெல்லாம் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்தவர்கள், யார் நீக்கச் சொன்னது, மிரட்டுகிறார்களா, பயப்படாதீர்கள் அக்கா என்று எழுதத் தொடங்கினார்கள்.

மதியம் வர வேண்டிய இவர் நாலு மணிக்குத்தான் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். நீண்ட நேரம் என்னைப் பார்த்தார். மேலே கூண்டில் உட்கார்ந்து, கீழே ஒரு கொள்கலன் கயிறறுந்து விழுந்து கிடப்பதைப் பார்க்கிற பார்வை அது. பிறகு குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

"கெளம்பு. நேர்ல போவோம்."

"மணி அஞ்சு ஆவப் போவுது. ராகு காலம்."

"கலா, இதுக்கு மேல கெட்டுப் போறதுக்கு என்னா இருக்கு? வண்டியில ஏறு."

சாலையின் இரு பக்கமும் செம்பனை, வரிசை வரிசையாக, முடிவில்லாமல். ஒவ்வொரு வரிசையும் திறந்து மூடும்போது உள்ளே ஆழத்தில் ஒரு கீற்று வெயில் தெரிந்து மறைந்தது. ஒரு மரம்கூடத் தன்னைப் போலி என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பின் இருக்கையில் ஷாமினி ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்க்க முயன்றேன். அவள் முகம் அதில் விழவில்லை.

சரோஜா கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க," என்றார். கோபமா, சிரிப்பா என்று பிடிபடாத முகம். உள்ளே முத்தையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை இல்லை. நரைத்த முடியும் சாதாரணமான இரண்டு காதுகளுமாக, படத்தில் இருந்த ஆளைவிடச் சிறியவராகத் தெரிந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைக் கூப்பி, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டேன். என் புத்தி மட்டம் என்றேன். கைப்பேசிதான் காரணம் என்றேன், இல்லை, நான்தான் காரணம் என்றேன். என் மகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்றேன். இனி வாழ்நாளில் ஒரு செய்தியும் படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். (அதை இரண்டு நாள் காப்பாற்றினேன்.) கண்ணீர் என் கன்னத்தில் ஓடி, கழுத்துச் சங்கிலி வரை போனது. அவர் என்னையே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு, அவ்வப்போது தலையை ஆட்டினார். எவ்வளவு பெருந்தன்மை என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.

ஷாமினிதான் கவனித்தாள். அவர் எதிரில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, பல் பிடுங்கப் பயப்படும் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினாள்.

"மாமா, மொதல்ல மிஷின மாட்டுங்க. எங்களுக்கு ஒன்னும் வெக்கம் இல்ல. நீங்க வேணாம்னு சொல்லுறதுன்னாலும், நாங்க பேசுறத கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, அதை எடுத்து, மெதுவாக மாட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்கம்மா."

"இவ்வளவு நேரம்…"

"ஒரு வார்த்த கேக்கல. அழுவுறீங்கன்னு மட்டும் தெரிஞ்சிச்சி."

இரண்டாவது தடவை அழ என்னிடம் எதுவும் மிச்சமில்லை. "மன்னிச்சிடுங்க," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் காதிலிருந்த மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மத்தியானம் வரைக்கும் கோவந்தான்," என்றார். "ஏமாத்துக்காரன்னு சொன்னதுக்கில்ல. அதுல தப்பில்ல, பொண்ணப் பெத்தவங்க. இந்தக் காத எல்லாருக்கும் காட்டிட்டீங்களேன்னுதான். ரெண்டு வருசமா இத மறைக்க நான் பட்ட பாடு. ஒருத்தர் சொன்னது காதுல விழலன்னா, என்னான்னு திருப்பிக் கேக்க மாட்டேன். கேட்டா செவிடுன்னு கண்டுபுடிச்சிடுவாங்கன்னு. ஊரு என்னமோ, தலைவர் ஒரு தடவதான் பேசுவாரு, பெரிய ரோசக்காரருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சி."

"தூங்கும்போதும் துண்டு கட்டிக்குவாரு," என்றார் சரோஜா. "நான் கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னுடுவாரு. ஒரு நாளு, வீட்ட வித்துடலாமான்னு கேட்டுப் பாத்தேன். அதுக்கும் சரி."

"அப்புறம் நீங்க போன வச்சிட்டீங்க," என்று அவர் தொடர்ந்தார். "கமிட்டியே என் காத பாத்துச்சி. கொஞ்ச நேரம் கழிச்சி நம்ம பொருளாளர், சட்டப் பையிலேருந்து ஒன்ன எடுத்து மேசையில வச்சாரு. இதே மிஷின். அவரும் மறைச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. எங்க கூட்டத்துல ஒருத்தர் கேள்விக்கு இன்னொருத்தர் ஏன் பதிலே சொன்னதில்லன்னு இன்னிக்கிதான் செயலாளருக்கு வெளங்கிச்சி."

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். சிரிக்கக் கூடாது என்று அடக்கி, அடக்க முடியாமல், இருமுவது போல நடித்தார். பிறகு சரோஜா. எனக்குத் தைரியம் வந்தது.

"கைய ஆட்டச் சொன்னப்ப ஏன் ஒன்னுமே கேக்காம ஆட்டுனீங்க?"

"பொந்தியான் பக்கத்து வழக்கம்னு நெனச்சேன். கடலோரத்து சனங்க, பொண்ணு கேக்கும்போது மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்குத் திருஷ்டி கழிப்பாங்க போல, அதான் தூரத்துலேருந்து நம்மளயே கழிச்சிக்கச் சொல்லுறாங்கன்னு."

ஷாமினி சிரிக்கவில்லை. அவள் இன்னும் அவர் எதிரில், அதே இடத்தில், அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவர் கவனித்தார். சரோஜாவைப் பார்த்தார். சரோஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு தாண்டிடுச்சி," என்றார் சரோஜா. "கேளுங்க."

முத்தையா எழுந்து நின்றார். கையைக் கூப்பினார். காலையில் ஒலித்த கம்பீரம் இப்போது இல்லை. சின்னக் குரல்தான்.

"ரெண்டாவது தடவ கேக்குறேன். உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுங்க."

"குடுத்துட்டோம், சம்மந்தி," என்றார் இவர்.

அப்போதுதான் ஷாமினி அழுதாள். திருத்திய புருவமெல்லாம் கலைகிற அழுகை.

கல்யாணம் நல்லபடி நடந்தது. புகைப்படக்காரர் எங்கள் இரண்டு குடும்பத்தையும் வரிசையாக நிற்க வைத்து, எல்லாரும் இங்கே பாருங்கள் என்றார். ஒருவர் விடாமல் பக்கவாட்டில் திரும்பி இடது காதைக் காட்டினோம். அந்தப் படம்தான் இன்றைக்கும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் எச்சரிக்கையும் இன்னும் சாகவில்லை. நான் அழித்தாலும் அது எங்கெங்கோ திரிந்து, சதை போட்டு, தெரியாத ஒருவர் வழியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது எனக்கே திரும்பி வந்துவிடுகிறது. கடைசியாக வந்ததில், அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் மூன்று நாடுகளில் தேடப்படுகிறாராம். சம்பந்தியிடம் காட்டினேன். "மூனுதானா?" என்றார். தீபாவளி வாழ்த்தோடு சேர்த்து அதையும் எல்லாருக்கும் அனுப்பினார்.

ஆனால் அன்று சாயங்காலம், ரெங்கத்தில், வாசலில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவரும் ஷாமினியும் வண்டியில் ஏறிவிட்டார்கள். சூரியன் செம்பனைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சம்பந்தி என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தி, ஒன்னே ஒன்னு. காலையில நான் இத கழட்டுனப்புறம், கடைசியா நீங்க என்னமோ சொன்னீங்க. வாய் நல்லா அசைஞ்சிச்சி. செயலாளர கேட்டா கூரைய பாக்குறாரு. மத்த ரெண்டு பேரும் கோயிலுக்குள்ள போயிட்டாங்க. என்னா சொன்னீங்க?"

"போய்ட்டு வரேன்னு சொன்னேன், சம்மந்தி."

"அதுக்கா கமிட்டியே எந்திரிச்சி நின்னுச்சி?"

"மரியாத தெரிஞ்சவங்க, சம்மந்தி," என்றேன். "போய்ட்டு வரேன்."